பத்தாவது ஆள் பாடியது

டொக் என்று ஒரு சத்தம். அதுதான் முதலில் என் காதில் விழுந்தது. போன செவ்வாய்க்கிழமை நீ ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பழைய கேசட் பதிவை லேப்டாப்பில் எனக்குப் போட்டுக் காட்டினாய். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்ற தனம் அக்கா பாடினாள். முப்பது வருடத்துக்கு முந்தைய தனம் அக்கா. மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவில், நகத்தால் பிளாஸ்டிக்கைத் தட்டியது போல ஒரு சின்னச் சத்தம். "அது என்னாதுடா?" என்று கேட்டேன். "நாய்ஸ்மா. பழைய டேப்னா அப்படித்தான். நான் கிளீன் பண்ணதுல இருக்காது, பாரு" என்று இன்னொன்றைப் போட்டாய். அதில் அந்தச் சத்தம் இல்லை. தனம் அக்கா மட்டும் ஒரு பிசிறும் இல்லாமல் பாடினாள். நீ எவ்வளவு பெருமையாக என் முகத்தைப் பார்த்தாய். நான் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அது நாய்ஸ் இல்லை, கண்ணு. அது நான்.

இதை வாயால் சொல்ல நான்கு நாட்களாக முயன்றேன். உனக்குத் தெரியும், ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட நான் கேட்காமல் வந்துவிடுகிறவள். பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், நீயும் "சரி விடும்மா" என்று எழுந்து போய்விடுவாய். எழுதினால் முடிவு வரைக்கும் போகலாம். திங்கட்கிழமை அடையாறில் உன் ஆராய்ச்சியைக் கொடுக்கப் போகிறாய். ஐந்து வருட வேலை. அதில் பெரும்பகுதி நான் நகத்தால் தட்டிய அந்தத் தட்டின்மேல்தான் நிற்கிறது. நீ மட்டும் படிப்பதற்காக இதை எழுதவில்லை. நான் வேலை பார்த்த வீட்டு மேடத்தின் புத்தகத்தை நம்பி எழுதியவர்கள், பாடம் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் இது போய்ச் சேர வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுமையாகப் படி.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் கஷ்டம், அதனால் நின்றேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. வகுப்பில் பாடத்தை எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். என் முறை வரும்போது எனக்குக் குரல் வராது. எழுத்து தெரியும், அர்த்தம் தெரியும், வாய் திறக்காது. அந்த டீச்சர் அடிக்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். "நீ படிக்கிற வரைக்கும் எல்லாரும் காத்திருப்போம்" என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பார்கள். நாற்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். மணி அடிக்கும் வரை அப்படியே நிற்பேன். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் ஒரு நாள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, மந்தைவெளி மார்க்கெட் வரைக்கும் போய், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் நான் போகவே இல்லை. என் அம்மா, அதுதான் உன் ஆயா, இரண்டு நாள் கத்தினாள். மூன்றாம் நாள், "வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற? எங்கூட வா" என்று தான் பாத்திரம் தேய்க்கிற வீடுகளுக்கு என்னையும் கூட்டிப் போனாள். அதில் ஒரு வீடு மயிலாப்பூரில் மேடத்தின் வீடு.

மேடம் சங்கீதத்தின் சரித்திரத்தை ஆராய்ச்சி செய்கிறவர். வீடு முழுக்கப் பழைய ஸ்வரப் புத்தகங்கள். அதே அலமாரியில், மூளையைப் பற்றியும் ஞாபகத்தைப் பற்றியும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த தடித்தடிப் புத்தகங்கள். "ரெண்டும் எதுக்கு மேடம்?" என்று நான் கேட்கவில்லை, நான் எதையும் கேட்கிற பெண் இல்லை. அவராகவே ஒரு நாள் சொன்னார். "சங்கீதத்துல முக்கால்வாசி எழுதி வெக்காததுடி. ஒருத்தர் பாடி, இன்னொருத்தர் கேட்டுண்டு, ஞாபகத்துலேயே வந்தது. அந்த ஞாபகம் எங்கே தப்பு பண்ணும்னு தெரிஞ்சாத்தான், பாட்டு எங்கே மாறித்துன்னு சொல்ல முடியும்." எனக்குப் பதினாறு வயது. என்னிடம் இத்தனை பெரிய விஷயத்தை ஒருவர் உட்கார்ந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்காக எதையும் செய்யலாம் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்றே ஒன்று. நூறு வருடத்துக்கு முந்தைய புத்தகம் ஒன்றில் ஒரு ராகம் மேலே ஏறும்போது, ஓர் இடத்தில் ஒரு படி கீழே இறங்கிவிட்டு மறுபடி ஏறுகிறது. இன்றைக்கு அதைப் பாடுகிற எல்லோரும் நேராக ஏறிவிடுகிறார்கள். அந்த வளைவு அச்சுப்பிழையா, அல்லது ஒரு காலத்தில் நிஜமாகவே அப்படிப் பாடினார்களா? பாடியிருந்தால் அதை நேராக்கியது யார்? இதைக் கண்டுபிடிக்க மேடம் ஒரு வழி வைத்திருந்தார். அந்த மெட்டை வார்த்தை இல்லாமல், "ல ல லா" என்று நான்கு வரியாகக் கேசட்டில் பதிவு செய்தார். முதல் ஆள் அதை மூன்று தடவை கேட்டுவிட்டுப் பாட வேண்டும். அவர் பாடியதை இரண்டாவது ஆள் கேட்டுப் பாட வேண்டும். இரண்டாவது ஆள் பாடியதை மூன்றாவது ஆள். இப்படிப் பத்துப் பேர். "நூறு வருஷத்துல நடந்ததைப் பத்துப் பேர்ல பாத்துடலாம்" என்பார். சங்கீதம் கற்றவர்கள் பத்துப் பேர், மயிலாப்பூர் பக்கத்தவர்கள். கற்காதவர்கள் பத்துப் பேர், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற பெண்கள். இந்தப் பத்துப் பேரைக் கூட்டி வந்தது உன் ஆயா.

கற்றவர்கள் கீழே ஹாலில் பாடினார்கள். மேடமே பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தார். பட்டினப்பாக்கத்துப் பெண்கள் மேடத்தைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். மேடம் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நான் இருந்தா அவா பாட மாட்டா. நீ மேலே மாடி ரூம்ல வெச்சு ரெகார்ட் பண்ணு. ஆனா ஒண்ணு. சரின்னும் சொல்லப்படாது, தப்புன்னும் சொல்லப்படாது. மூஞ்சியில கூடக் காட்டப்படாது. புரிஞ்சுதா?" எனக்குப் புரிந்தது. புரிந்துதான் அதை மீறினேன். இந்த ஒரு வரியை நீ தவற விட்டுவிடக் கூடாது.

முதல் பெண் அந்த வளைவைப் பிடித்து, சுமாராகப் பாடிவிட்டாள். இரண்டாவது பெண் நான்காவது வரியில் நேராக ஏறிவிட்டு, பாதியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கே ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. வியர்த்துவிட்டது. கடற்கரையில் அத்தனை பேர் நடுவில் நின்று ஏலம் கேட்கிற பெண் அவள். "தப்பாப் பூட்ச்சா பாப்பா? அந்தம்மா கோச்சுக்குமா?" என்றாள். நான் மணி அடிக்கும் வரை நின்றவள். இன்னொரு ஆள் அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. டேப்பைப் பின்னால் ஓட்டி, கேட்க வேண்டிய இடத்தை மறுபடி போட்டுக் காட்டினேன். அந்த வளைவு வருகிற இடத்தில் ரெகார்டர் மூடியை நகத்தால் ஒரு தட்டு தட்டினேன். இங்கே பார், இங்கே இறங்கு என்று அர்த்தம். அவள் பிடித்துக்கொண்டாள். முதலில் பாடியதன் மேலேயே இரண்டாவது தடவை பாடியதைப் பதிவு செய்தேன். அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். போகிற வழியில் மற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தவர்கள் பாடப் பாட என் விரலைத்தான் பார்த்தார்கள்.

நான்காவதாக வந்தவள் தனம் அக்கா. "இது ஒரு பாட்டாடி? பல்லு இல்லாத கிழம் சாமி கும்புட்ற மாதிரி கீது" என்றாள். நான் சிரித்தேன். "சிரிக்காதே, அப்பறம் எனுக்கும் சிரிப்பு வந்துடும், உங்க மேடம் நம்ம ரெண்டு பேரையும் மீனு கூடைல வச்சு அனுப்பிடும்" என்றாள். மூன்று தடவை தவறவிட்டாள். மூன்றையும் அழித்தேன். நான்காவது தடவை சரியாக வந்தது. அப்போது நான் தட்டிய ஒரு நகத்தட்டு மட்டும் அவள் பாட்டோடு சேர்ந்து பதிவாகி நின்றிருக்கிறது. அதைத்தான் நீ சுத்தம் செய்தாய்.

பத்தாவது ஆள் பாடியதை மேடம் கேட்ட நாள் எனக்கு மறக்காது. கற்றவர்கள் வரிசையில் நான்காவது ஆளிடமே அந்த வளைவு காணாமல் போயிருந்தது. இந்த வரிசையில் பத்தாவது ஆள் வரைக்கும் அப்படியே இருந்தது. மேடம் கேட்டுவிட்டு, மறுபடி போடு என்றார். மறுபடி போடு என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கத்துண்டவாதான்டி மாத்தியிருக்கா. இவா யாரும் மாத்தலை. படிச்ச நாங்கதான் கெடுத்திருக்கோம்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். கை அவர் கையில் இருந்தது. வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வராத குரல் அன்றைக்கும் வரவில்லை. அன்றைக்கு மணி அடிக்கவும் யாரும் இல்லை.

அந்த ஒரு முடிவுதான் அவரைப் பெரிய ஆளாக்கியது. சரித்திரக்காரர்களும் பேசினார்கள், மூளையைப் படிக்கிறவர்களும் பேசினார்கள். தி.நகரில் ஒரு ஹாலில் புத்தக வெளியீடு. மேடம் மேடையிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுந்து நிற்கச் சொன்னார். "மாடி ரூம்ல ரெகார்ட் பண்ணினது இந்தப் பொண்ணு. இவ இல்லேன்னா இந்தப் புஸ்தகம் இல்லை" என்றார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள். நீ என் இடுப்பில் இருந்தாய், நீயும் தட்டினாய். பிறகு ஒரு வருடம் கழித்து, வெளிநாட்டிலிருந்து ஒருவர் கடிதம் போட்டார்: மேடம் செய்தபடியே தானும் செய்து பார்த்ததாகவும், சங்கீதம் தெரியாதவர்களும் வளைவை நேராக்கிவிடுகிறார்கள் என்றும். மேடம் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். "அவா ஊர் ஜனங்க வேற, நம்ம ஜனங்க வேற" என்றார். நான் அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்தேன். அவர் படுக்கையில் கிடந்த கடைசி மூன்று மாதமும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். தினமும் சொல்ல நினைத்தேன். சாகப்போகிறவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, சொல்லாமல் விடுவதுதான் இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இரக்கம் இல்லை. பயம்தான், நல்ல பேரைப் போட்டுக்கொண்டு வந்தது.

அதற்குள் நீ அவர் மடியில் வளர்ந்துவிட்டாய். எட்டு வயதில் அந்தக் கேசட்டுகளைப் போட்டுக் கேட்பாய். கல்லூரியில் மூளை, ஞாபகம் என்று நீ படிக்கப் போனபோது மேடம் எவ்வளவு சந்தோஷப்பட்டார். நான் எவ்வளவு பயந்தேன் என்று நீ கவனிக்கவில்லை. "வேற எதுனா படியேன்டா" என்று நான் ஒரு தடவை சொன்னதும் நீ கோபித்துக்கொண்டாய். "மா, நம்ம ஜனங்களைப் பத்தி இப்படி ஒரு விஷயம் வேற யார் சொல்லியிருக்காங்க? படிக்காதவங்கதான் காப்பாத்துனாங்கன்னு புரூஃப் இருக்கு. அதை நான் எழுதலைன்னா யார் எழுதுவா?" என்றாய். உன் முகத்தில் அந்த நேரம் இருந்த வெளிச்சத்தை அணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தாய்க்கு இருக்க வேண்டிய தைரியம் அது ஒன்றுதான்.

போன வருடம் நீ அந்தப் பரிசோதனையை மறுபடி செய்தாய். பட்டினப்பாக்கத்துக் கடற்கரையிலிருந்து ஊருக்கு வெளியே அனுப்பப்பட்ட அதே குடும்பங்கள், அந்தப் பெண்களின் மகள்கள், பேத்திகள். மூன்றாவது ஆளிலேயே வளைவு போய்விட்டது. தனம் அக்காவுக்கே வரவில்லை. இதற்கு நீ காரணம் கண்டுபிடித்தாய்: கடலை விட்டு அனுப்பியதில், போனும் டிவியும் வந்ததில், ஜனங்களின் ஞாபகம் கெட்டுவிட்டது என்று. அதை உன் கடைசி அத்தியாயமாக எழுதியிருக்கிறாய். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது நீ சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "தனம் ஆயா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அப்போ உங்கம்மா பக்கத்துல குந்திக்கினு இருந்தா நைனா. அவ இல்லாம எனுக்கு எப்பவும் வந்ததில்லே'ன்னுது. உன் மேல எவ்ளோ பாசம் பாரு." அவள் பாசத்தில் சொல்லவில்லை, கண்ணு. உனக்கு நேராக உண்மையைச் சொன்னாள். அவள் சொன்னதன் பதிவும் உன்னிடம் இருக்கிறது. நான் உன் தட்டில் ரசம் ஊற்றினேன்.

இப்போது நீ கேட்கப் போகிற கேள்வியும் எனக்குத் தெரியும். நீ என் மகன், உன் மூளை எப்படி ஓடும் என்று தெரியும். 'நீ தட்டாம இருந்தாலும் அவங்க சரியா பாடியிருக்கலாம் இல்லையா?' என்று கேட்பாய். இல்லை. அழித்ததையெல்லாம் நான் கேட்டிருக்கிறேன். என்னைத் தவிர உலகத்தில் யாரும் கேட்டதில்லை. முதல் பெண்ணைத் தவிர ஒவ்வொருத்தியும் முதல் தடவை நேராகத்தான் ஏறினாள், கீழே ஹாலில் கற்றவர்கள் ஏறினது போலவே. ஒரே இடத்தில், ஒரே மாதிரி. ஓரிரு ஆள் முன்னே பின்னே இருக்கலாம், மற்றபடி மயிலாப்பூரும் பட்டினப்பாக்கமும் மறந்ததில் ஒரு வித்தியாசமும் இல்லை. மேடம் தேடிய பதில் அதுவாகத்தான் இருந்திருக்கும். அது கையில் கிடைத்தது. நான் அதன்மேல் வேறொன்றைப் பதிவு செய்துவிட்டேன். இன்றைக்கு அதற்குச் சாட்சி என் வாய் மட்டும்தான். என் வாயை வைத்து யாரும் ஆராய்ச்சி எழுத முடியாது.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அம்மா என்பதால் ஒன்று சொல்கிறேன். யாராவது எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்துவிட்டார்கள் என்றால், அந்த அறையில் கூட யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேள். அந்த ஆள் நல்லவராக இருந்தால் இன்னும் ஒரு தடவை கேள். கெட்ட எண்ணத்தோடு செய்கிறவர்கள் எங்காவது மாட்டிக்கொள்வார்கள். பாவம் பார்த்துச் செய்கிறவர்களை யாரும் சந்தேகப்படுவதில்லை. நான் அந்தப் பத்துப் பெண்கள் கூனிக்குறுகி நிற்கக் கூடாது என்று நினைத்தேன். கடைசியில் உன் அத்தியாயத்தில் அவர்களின் மகள்களைக் கூனிக்குறுகி நிற்க வைத்துவிட்டேன். அவர்களின் ஞாபகம் கெடவே இல்லை. எல்லோருக்கும் இருக்கிற ஞாபகம்தான் அவர்களுக்கும் இருந்தது, இருக்கிறது. அவர்களுக்கு இல்லாத பெருமையை நான் கொடுத்தேன். இப்போது அதை அவர்கள் தொலைத்துவிட்டார்கள் என்று நீ எழுதியிருக்கிறாய்.

இதற்கு மேல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. உன் வருடங்கள் போய்விடும். மேடத்தின் பேர் போய்விடும். அவர் எழுந்து வந்து ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியாது. நீ என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்வாய், அப்படித்தான் உன்னை வளர்த்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நான் சமையலறையில் ஏதாவது சொல்லும்போது, இது உண்மைதானா என்று ஒரு நிமிஷம் யோசிப்பாய். அந்த ஒரு நிமிஷம் நாம் இருவரும் உயிரோடு இருக்கும் வரை இருக்கும். அதை எப்படிச் சரிசெய்வது என்று நான் எவ்வளவு யோசித்தும் வழி தெரியவில்லை. இல்லாத ஆறுதலை எழுதி இந்தக் கடிதத்தையும் நான் கெடுக்க விரும்பவில்லை.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது உன் போன் வந்தது. லஸ் பக்கத்தில் பைண்டிங் கடையில் இருப்பதாகச் சொன்னாய். "மா, நாலு காப்பி காலேஜுக்கு. உனக்கும் ஒண்ணு சேர்த்துப் போடச் சொல்லட்டா?" என்றாய். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"போட வேணாம்" என்றேன்.

"உனக்கு வேணாமா?"

"எதையும் போட வேணாம். கடைக்காரரை நிறுத்தச் சொல்லு."

"ஏம்மா, ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?" என்று சிரித்தாய்.

"நிறுத்தச் சொல்லுடா. நான் வரேன். அங்கேயே இரு."

முப்பது வருடத்தில் நான் யாரிடமும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. போனை வைத்துவிட்டு, அடுப்பை அணைத்து, செருப்பை மாட்டிக்கொண்டேன். கடைசி வரியை வாசலில் நின்றபடி, சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது கதவைப் பூட்டுகிறேன்.